மெல்லிய கோட்டுக்கு ஐந்து நிமிடம்: திருகோணமலை வீட்டு விறாந்தையில் எட்சிங்

உப்புவெளிக் கரையில் விடிகாலையில் நின்று தெற்கே பார்த்தால் கோணேசர் மலை முழுதாகத் தெரியாது. விளிம்பு மட்டும்தான் தெரியும். வானத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு, அதுவும் வெயில் ஏறும்வரைதான். அந்தக் கோட்டைப் பென்சிலால் எத்தனையோ தடவை கீறிப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு மெதுவாகக் கீறினாலும் பென்சில் தூள் கடதாசியின் மேலே கிடந்தது, அவ்வளவுதான். செம்புத் தகட்டில் எட்சிங் செய்து அச்செடுத்த நாளில் கதை மாறியது. அழுத்தத்தில் கடதாசியே தகட்டின் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வந்திருந்தது. விரல் நுனியால் தடவினால் கோடு மயிரிழை போலத் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து இந்த வேலையை விட முடியவில்லை.

எட்சிங் செய்து பார்க்காதவர்களுக்காக முதலில் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செம்புத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சு ஒன்றைப் பூசுகிறோம். ஊசியால் கீறினால் பூச்சு விலகி, கீறிய இடத்தில் மட்டும் செம்பு தெரியும். தகட்டை அரிக்கும் கரைசலில் போட்டால் அந்த இடம் மட்டும் பள்ளமாகும். பிறகு பூச்சைக் கழுவி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் கடதாசியை மேலே வைத்து உருளைக்குள் அழுத்தி எடுத்தால் படம்.

ஊசி இங்கே செம்பை வெட்டுவதில்லை, வழி திறந்துவிடுகிறது. கோட்டின் கனத்தைத் தீர்மானிப்பது தகடு கரைசலில் கிடக்கும் நேரம். ஒரே ஊசி, ஒரே கை, ஒரே கறுப்பு மை. ஐந்து நிமிடம் கிடந்த கோடு சாம்பல் நிறத்தில் இழையாக வரும்; அரை மணித்தியாலம் கிடந்த கோடு தடித்துக் கறுத்து நிற்கும். மென்மையான கோடு வேண்டுமென்றால் கையைப் பழக்குவதைவிட நேரத்தைப் பழக வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

நேரத்தை இப்படி ஆண்டவர்களில் முக்கியமானவர் லொரேன் பகுதியின் நான்சி நகரத்தவரான ஜாக் கலோ (1592–1635). அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1500ஆம் ஆண்டளவில், ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரத்தில் டானியேல் ஹோப்பர் இரும்புத் தகட்டை அமிலத்தால் அரித்துக் கடதாசியில் அச்செடுத்திருந்தார். கவசங்களில் அலங்காரம் செய்யும் வேலையிலிருந்து வந்த உத்தி அது. கலோ மெழுகை விட்டுவிட்டு, நரம்பு வாத்தியம் செய்பவர்கள் பூசும் கடினமான வார்னிஷைப் பிடித்தார். அது உதிராததால் ஒரே தகட்டைப் பல தடவை அமிலத்தில் விட்டு எடுக்க முடிந்தது. தூரத்தில் நிற்பவர்களைக் கொஞ்ச நேரத்தில் வார்னிஷால் மூடி அரிப்பை நிறுத்திவிடுவார், கிட்ட நிற்பவர்களை நீண்ட நேரம் அரிக்க விடுவார். 1633இல் வெளிவந்த அவருடைய போர்க்காட்சிகள் ஒரு சாண்கூட நீளமில்லாதவை. அதற்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள், ஆனாலும் யார் தூரம், யார் கிட்ட என்று உடனே தெரிகிறது.

1639இல் ஒல்லாந்தர் திருகோணமலையில் போர்த்துக்கேயரின் கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட், கல்மதிலில் கையை ஊன்றியிருக்கும் தன் உருவத்தை ஒரு செம்புத் தகட்டில் கீறினார். அந்த இடத்தில் இன்று நிற்கும் பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் மேயும் இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அந்தப் படத்தின் பிரதி கிடைத்தால் தலைமுடியை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். மெல்லிய கோடு எவ்வளவு வேலை செய்யும் என்று நான் எழுதிக் காட்டுவதைவிட அது நன்றாகக் காட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். நாம் செய்யப்போவது 6 × 8 சென்ரிமீற்றர் அளவில் ஒரு சிறு தகடு. தூரத்தில் மலை விளிம்பு, நடுவில் தண்ணீர், கிட்ட மணலில் ஒரு வலைக்குவியல். மூன்று தூரம், மூன்று நேரம்.

தேவையான சாமான்கள்

0.8 முதல் 1 மில்லிமீற்றர் கனமுள்ள செம்புத் தகடு. துத்தநாகமும் அலுமினியமும் மலிவுதான், ஆனால் மெல்லிய கோட்டுக்குச் செம்பைப் போல எதுவும் வராது. அதன் உலோகம் நெருக்கமானது, விளிம்பு சுத்தமாக அரிபடும். தகட்டோடு சேர்த்து 2 சென்ரிமீற்றர் அகலத்தில் சில துண்டுகளையும் வெட்டி வாங்குங்கள். அவை எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

அரிக்கும் கரைசலுக்கு பெரிக் குளோரைட்டு. மின்சுற்றுப் பலகை செய்பவர்கள் பாவிப்பதும் இதுதான், இலத்திரனியல் சாமான் கடைகளில் கிடைக்கும். நைத்திரிக் அமிலம் பக்கம் போக வேண்டாம். அதன் புகை கெட்டது, அதோடு கோட்டில் குமிழி எழுந்து விளிம்பைப் பிய்த்துவிடும். பெரிக் குளோரைட்டில் குமிழி இல்லை, கோடு ஒழுங்காகக் கீழே இறங்கும்.

பூச்சுக்கு தேன்மெழுகு, பிற்றுமின் என்னும் கருந்தார், வயலின் வில்லுக்குப் பூசும் பைன் பிசின். மூடுவதற்கு அரக்கை மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் கரைத்த வார்னிஷ். தையல் இயந்திர ஊசி ஒன்று, அதைச் செருக ஒரு மரப்பிடி. அரம், நீர் போட்டுத் தேய்க்கும் அரத்தாள், எட்சிங் மை, கஞ்சி போட்ட மெல்லிய பருத்தித் துணி, சதுர மீற்றருக்கு 250 கிராமுக்குக் குறையாத பருத்திக் கடதாசி. றப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

தகடு

நான்கு விளிம்புகளையும் அரத்தால் 45 பாகைச் சரிவாகத் தேயுங்கள். இதை விட்டால் அச்செடுக்கும்போது விளிம்பு கடதாசியையும் அதன் மேல் வைக்கும் கம்பளியையும் வெட்டும். அப்புறம் 600, 1000, 1500 என்று அரத்தாளை ஏற்றிக்கொண்டு போங்கள், தண்ணீர் விட்டு, ஒவ்வொரு தாளிலும் திசையை மாற்றி. முடிவில் உங்கள் முகம் தெரிய வேண்டும். மெல்லிய கோடு வேண்டியவர் இங்கே அவசரப்படவே கூடாது. தகட்டில் மிஞ்சும் ஒரு கீறலும் மையைப் பிடிக்கும், மலைக்கு மேலே வானத்தில் அது ஒரு மின்கம்பி போல அச்சாகும்.

பளபளப்பு ஏறியதும் கறுப்பையும் எண்ணெயையும் எடுக்க வேண்டும். செம்புக்குடம் துலக்கும் பழப்புளியும் உப்பும் கறுப்பை எடுக்கும். எண்ணெய்க்குச் சுண்ணக்கட்டித் தூளையும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தையும் குழைத்துத் தேயுங்கள். தண்ணீரை ஓடவிட்டால் தகடு முழுக்க ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்காவது தண்ணீர் விலகித் துளியாக உருண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. அந்த இடத்தில் பூச்சு ஒட்டாது. இதற்குப் பிறகு தகட்டின் முகத்தில் விரல் படக் கூடாது.

பூச்சு

மெழுகு இரண்டு பங்கு, கருந்தார் இரண்டு பங்கு, பிசின் ஒரு பங்கு. பிசினையும் தாரையும் மெல்லிய சூட்டில் முதலில் உருக்கி, பிறகு மெழுகைச் சேர்த்துக் கலக்குங்கள். நெருப்புச் சுவாலையில் வேண்டாம், மின்னடுப்பில் செய்யுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும். கலவையைத் தண்ணீரில் ஊற்றிப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

தகட்டைச் சூடாக்கி உருண்டையை அதில் தொட்டால் உருகிப் படியும். பழைய பட்டுச் சேலைத் துண்டில் பஞ்சை வைத்துக் கட்டிய பொட்டலத்தால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். தேய்க்கக் கூடாது. தகடு பொன்பழுப்பாக, ஊடே செம்பு மினுங்குகிற அளவில் நின்றால் போதும். கறுப்பாகத் தெரிந்தால் பூச்சு தடிப்பு. தடித்த பூச்சு ஊசி போகும்போது விளிம்பில் உதிரும், மெல்லிய கோடு அங்கேயே கெட்டுவிடும்.

நம்மூர்ச் சூட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானத்தில் இந்தப் பூச்சு இளகி, கை பட்டால் ஒட்டும். நான் பூச்சை முதல் நாள் இரவு போட்டு, விடிய ஐந்தரையிலிருந்து எட்டு மணிவரை கீறுவேன். பிசினைச் சற்றுக் கூட்டினாலும் இறுகும், ஆனால் அளவு மீறினால் கண்ணாடி போல உடையும். மணல் காற்றில் பறக்கும் நாட்களில் தகட்டை ஒரு தட்டால் மூடி வையுங்கள். ஒரு மணல் துகள் பூச்சில் பட்டால் ஒரு புள்ளி அரிபடும்.

கீறுதல்

ஊசி நுனி கூராக இருந்தால் செம்பில் மாட்டும். எண்ணெய்க் கல்லில் வட்டமாகச் சுழற்றி நுனியை மிகச் சிறிது உருட்டுங்கள். நகத்தில் வைத்து இழுத்தால் கீறாமல் வழுக்க வேண்டும், அதுதான் அளவு.

எங்கள் ஒழுங்கையில் நகைவேலை செய்யும் பத்தர் ஐயா ஒருவர் இருந்தார். நான் முதல் தகட்டைக் கீறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, அழுத்தாத. தொட்டாப் போதும். மெழுகுக்குக் கீழ செம்பு இருக்குதெண்டு கைக்குத் தெரிஞ்சா நிப்பாட்டு.” எனக்கு வேண்டியிருந்த பாடம் அந்த மூன்று வசனத்தில் முடிந்துவிட்டது. பூச்சு விலகும்போது ஊசியில் ஒரு மென்மையும், செம்பைத் தொட்டதும் ஒரு வழுக்கலும் வரும். அந்த வழுக்கலை விரல் அறிந்துகொண்டால் கோடு முழுக்க ஒரே அகலத்தில் போகும். பூச்சு சரியாக விலகாமல் அரைகுறையாகத் தொட்ட இடங்களில் கோடு விட்டுவிட்டு அரிபடும்.

கை தகட்டில் படாமல் இருக்க, இரண்டு பக்கமும் புத்தகத்தை வைத்து மேலே ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே போடுங்கள், கையை அதில் வைத்துக் கீறலாம்.

படம் தலைகீழாக, அதாவது இடம் வலம் மாறி அச்சாகும். இதைத் தெரிந்துகொண்டே நான் மறந்தேன். முதல் அச்சை உப்புவெளியில் வலை பொத்தும் ஒரு மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு. ஆனா மலை மாறி நிக்குதே, பிள்ளை. கடல் இந்தப் பக்கமெல்லோ?” என்றார். உப்புவெளியிலிருந்து தெற்கே பார்ப்பவருக்குக் கடல் இடது பக்கம். என் படத்தில் வலது பக்கம். ஊர்க்காட்சி கீறுபவர்கள் முதலில் கடதாசியில் வரைந்து, அதைக் கண்ணாடிக்கு முன்னே வைத்து, கண்ணாடியைப் பார்த்துக் கீறுங்கள். மெல்லிய தாளில் வரைந்து புரட்டி, பின்னால் செங்காவித் தூளைத் தடவி, பூச்சின் மேல் லேசாக ஒற்றி எடுத்தாலும் சரி.

இன்னொன்றுக்கும் கண்ணைப் பழக்க வேண்டும். பழுப்புப் பூச்சில் நீங்கள் கீறும் கோடு செம்பின் ஒளியோடு பளிச்சென்று தெரியும். அச்சில் அதுதான் கறுப்பு. தகட்டில் வெளிச்சமாக இருப்பதைப் பார்த்து “போதும்” என்று நிறுத்திவிடுவீர்கள், அச்சில் மெலிந்து வரும். அல்லது பளபளப்பில் மயங்கி அதிகம் கீறுவீர்கள். முதல் மூன்று தகடுகளில் இரண்டும் நடக்கும், பரவாயில்லை.

கோடுகளுக்கு இடையில் குறைந்தது அரை மில்லிமீற்றர் விடுங்கள். கரைசல் பள்ளத்தில் இறங்கும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் தின்னும். நெருக்கிக் கீறிய கோடுகள் நடுச்சுவர் இடிந்து ஒன்றாகி, அந்த இடம் மையைப் பிடிக்காமல் வெளுத்துப்போகும். இருட்டு வேண்டுமென்றால் நெருக்காமல், குறுக்கே இன்னொரு அடுக்குக் கோட்டைப் போட்டு வாங்குங்கள். நம் படத்தில் மலை விளிம்பு ஒரே கோடு. அதற்குள் சரிவாகச் சில கோடுகள் மட்டும். தண்ணீருக்குக் கிடைக்கோடுகள், இடையிடையே அறுந்து, கிட்ட வர வர இடைவெளி கூடி. வலைக்கு வளைந்த கோடுகள் இரு திசையிலும், கண்ணிகள் மடியும் இடத்தில் நெருங்கி.

சோதனைத் துண்டு

பெரிக் குளோரைட்டு மஞ்சள் கட்டியாகக் கிடைத்தால், எடையில் கட்டி இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தண்ணீரை முதலில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் எடுத்து, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சூடு எழும்பும். உலோகப் பாத்திரம் எதுவும் கூடாது. ஆறியதும் 100 மில்லிலீற்றரை நிறுத்துப் பாருங்கள். 138 முதல் 141 கிராமுக்குள் நின்றால் சரியான கனம். இந்த நிறையளவுக்குச் சமையலறைத் தராசே போதும்.

இப்போது அந்த 2 சென்ரிமீற்றர் துண்டுக்கு வருவோம். இதைத் தவிர்க்காதீர்கள். என் முதல் தகட்டில் ஒரு குளிர்நாட்டு வழிகாட்டி சொன்ன நேரத்தை அப்படியே நம்பி விட்டேன். அது 20 பாகை செல்சியஸ் அறைக்குச் சொன்னது. என் விறாந்தை 31 பாகை. மலை விளிம்பு மயிரிழையாக வர வேண்டிய இடத்தில் கயிறு போல வந்தது. இரண்டு வாரம் தேய்த்து மினுக்கிய தகடு. கரைசல் சூடாக இருந்தால் வேகமாக அரிக்கும், அவ்வளவுதான் விஷயம். என் விறாந்தையில் குளிர்நாட்டு நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் செல்லும். உங்கள் வீட்டில் எவ்வளவு என்று உங்கள் துண்டுதான் சொல்ல வேண்டும்.

துண்டில் பூச்சைப் போட்டு, நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு கோடுகளைக் கீறுங்கள், சிலது தனியாக, சிலது நெருக்கமாக. பின்புறத்தைப் பொதி ஒட்டும் நாடாவால் மூடி, கரைசலில் விடுங்கள். 3 நிமிடத்தில் எடுத்துக் கழுவி, உலர்த்தி, நுனியிலிருந்து ஒரு சென்ரிமீற்றரை அரக்கு வார்னிஷால் மூடுங்கள். காய்ந்ததும் மறுபடி விட்டு, மொத்தம் 6 நிமிடம் ஆனதும் அடுத்த சென்ரிமீற்றர். பிறகு 12, 24, 48. பூச்சைக் கழுவி அச்செடுத்தால் ஒரே கோடு ஐந்து கனங்களில், மூடுபனியிலிருந்து கரிவரை, உங்கள் முன்னே படிக்கட்டாக நிற்கும். அதன் அருகே திகதி, நேரம், வெப்பநிலை மூன்றையும் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கரைசல் பாவிக்கப் பாவிக்கப் பச்சை ஏறி மெதுவாகும், அப்போது புதிய துண்டு ஒன்று.

எனக்கு இந்தத் துண்டுகளே பிடித்த படங்கள். மார்கழி மழைக்காலத் துண்டையும் ஆனி மாதத் துண்டையும் பக்கத்தில் வைத்தால் ஊரின் காலநிலை கோட்டில் தெரிகிறது.

மூன்று தடவை கரைசலில்

என் துண்டு சொன்ன கணக்கைத் தருகிறேன், நீங்கள் உங்களுடையதைப் போடுங்கள்: மலைக்கு 5 நிமிடம், தண்ணீருக்கு மொத்தம் 12, வலைக்கு மொத்தம் 30.

தகட்டை முகம் கீழாக வையுங்கள். மூலைகளில் சிறு பிளாஸ்டிக் முட்டுக் கொடுத்தால் அடியில் தட்டாது. காரணம் இருக்கிறது. பெரிக் குளோரைட்டு செம்பைத் தின்னும்போது ஒரு வண்டல் உண்டாகும். முகம் மேலே இருந்தால் அது கோட்டுக்குள்ளேயே படிந்து அரிப்பைத் தடுக்கும், கோடு சீரில்லாமல் போகும். கீழே பார்த்தால் வண்டல் தானாக விழும். 1990களில் எடின்பரோவில் பிரீட்ஹார்ட் கீக்கபென் என்பவர் கரைசலில் சித்திரிக் அமிலத்தைச் சேர்த்து இந்த வண்டலையே கரைக்க வழி கண்டார். அதனால்தான் அந்தக் கலவைக்கு எடின்பரோ எட்ச் என்று பெயர். சிறு தகட்டுக்குக் கவிழ்த்து வைப்பதே போதும்.

ஐந்தாவது நிமிடத்தில் எடுத்து, வாளித் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வேண்டாம், பூச்சு இளகும். மலைக்கோடுகளை மெல்லிய தூரிகையால் வார்னிஷ் பூசி மூடுங்கள். இந்த நேரத்தில் மனம் தடுமாறும். ஐந்து நிமிடத்தில் ஏதும் அரிபட்டதாகவே கண்ணுக்குத் தெரியாது. இன்னும் இரண்டு நிமிடம் விடலாமா என்று தோன்றும். விடாதீர்கள். ஊசி நுனியை ஒரு கோட்டின் குறுக்கே மெல்ல இழுத்தால் மிகச் சிறிய தட்டல் ஒன்று விரலுக்குத் தெரியும். அது போதும். ஆழம் குறைந்த கோட்டை மறுபடி பூசி அரிக்கலாம். ஆழம் கூடினதைத் திருப்பி எடுப்பது கடினம்.

பிறகு 7 நிமிடம், தண்ணீர்க் கோடுகளை மூடல். பிறகு 18 நிமிடம், வலை. முடிந்ததும் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் பூச்சு கரையும், வார்னிஷுக்கு ஸ்பிரிட், கடைசியாகச் சவர்க்காரம்.

பழைய கரைசலைக் கானில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள செம்பு தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு, நம்மூரில் கான் போய்ச் சேரும் இடம் குடாதான். பெரிய வாளியில் எடுத்து, சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும், அடங்கியபின் மீண்டும். பொங்கல் நின்று சேறு அடியில் படிந்ததும் அந்தச் சேற்றை மூடிய போத்தலில் அடைத்து, இரசாயனக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு லீற்றர் கரைசல் சிறு தகடுகள் பலவற்றுக்கு வரும், அதனால் இந்த வேலை அடிக்கடி வராது.

அச்செடுத்தல்

கடதாசியை 20 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு துவாய்களுக்கு நடுவே வைத்து ஒற்றி எடுங்கள். மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும். கச்சான் காலத்தில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், பொலித்தீனில் சுற்றி வையுங்கள். ஒக்டோபரிலிருந்து தை வரை நிலைமை நேரெதிர்: ஈரக் கடதாசியை இரவு முழுக்க விட்டால் காலையில் பூஞ்சணம்.

மை கெட்டியாக இருக்கட்டும். குளிர்நாடுகளில் தகட்டைச் சூடாக்கி மை இடுவார்கள். இங்கே தேவையில்லை, சூடான தகட்டில் மை இளகி, துடைக்கும்போது மெல்லிய கோட்டிலிருந்து வெளியே வந்துவிடும். அட்டைத் துண்டால் மையைக் கோடுகளுக்குள் அழுத்தி நிரப்பி, கஞ்சித் துணியை உருட்டித் தட்டையாகப் பிடித்து, வட்டமாகத் துடையுங்கள். துணி கோட்டுக்குள் இறங்கக் கூடாது, மேலாகப் போக வேண்டும். கடைசியில் உள்ளங்கையில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவித் தட்டிவிட்டு, வேகமாக, இலேசாக, நாலைந்து தடவை. அப்போது வானம் வெளுக்கும், மலைக்கோடு நிற்கும். தண்ணீர்ப் பகுதியில் மட்டும் ஒரு தடவை குறைத்துத் துடையுங்கள், காலை நேரத்துச் சாம்பல் அங்கே தங்கும்.

அச்சு இயந்திரம் இல்லையென்று பின்வாங்க வேண்டாம். 2018இல் ஜெர்மனியின் மார்ட்டின் ஷ்னைடர் முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளக்கூடிய கைப்பிடியளவு உருளை இயந்திரத்தின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். வீட்டில் பாஸ்தா மா தட்டும் உருளை இருந்தாலும் 6 சென்ரிமீற்றர்த் தகடு அதற்குள் போகும். தகட்டின் மேல் கடதாசி, அதன் மேல் இரண்டு மடிப்புக் கம்பளித் துணி. கடதாசியில் தகட்டின் விளிம்பு ஆழமாகப் பதிந்தால் அழுத்தம் சரி. மலைக்கோடு வராமல் வலை மட்டும் வந்தால், துடைத்ததைச் சந்தேகிக்கும் முன் அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். மெல்லிய கோட்டுக்குத்தான் அதிக அழுத்தம் வேண்டும்.

அச்சைக் கடதாசியின் ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு பலகைக்கு நடுவே ஒற்றுத்தாளோடு வைத்து, தினமும் தாளை மாற்றி, நான்கைந்து நாள். தகட்டுக்கு வாஸ்லின் மெல்லிதாகப் பூசிக் கடதாசியில் சுற்றி வையுங்கள். உப்புக் காற்றில் வெறுமனே கிடந்தால் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்து, முதலில் சாகிறவை மெல்லிய கோடுகள்தான்.

திருத்தல்

கோடு தடித்துவிட்டால், எண்ணெய் விட்டு, நகைவேலைக்காரர் மெருகேற்றும் கல்லால் கோட்டின் நீளவாக்கில் அழுத்தித் தேய்க்கலாம். விளிம்புகள் உள்ளே சாய்ந்து பள்ளம் குறுகும். கொஞ்சம் மெலியும், முழுதாகப் போகாது. குறைவாக வந்த இடத்துக்குத் தகட்டை நன்றாகத் துலக்கி மறுபடி பூச்சுப் போட வேண்டும். பழைய கோடுகளுக்குள்ளும் பூச்சு இறங்கியிருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்காமல் கரைசலில் விடாதீர்கள்.

மலையைச் சரியான பக்கத்தில் நிறுத்திய இரண்டாவது தகட்டின் அச்சை அதே மாமாவிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடதாசியை மூக்கருகே பிடித்து, வலைக்குவியலை ஒரு விரலால் தடவினார். மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “வலை நல்லா விழுந்து கிடக்கு. முடிச்சு எங்க, பிள்ளை? முடிச்சில்லாட்டி இது துணியெல்லோ,” என்றார். வீட்டுக்கு வந்து தகட்டுக்கு மறுபடி பூச்சுப் போட்டேன். கண்ணிகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஊசியை நிமிர்த்தி வைத்து ஒரு புள்ளி. கிட்ட உள்ள மடிப்பில் மட்டும் இரண்டு. மற்றதெல்லாம் பூச்சுக்குள் கிடக்க, புள்ளிகளை மட்டும் பத்து நிமிடம் அரிக்கவிட்டு எடுத்தேன்.